மாரிகுப்பத்துப் பழங்குழிகள்: கோலார் பொன்னின் தொன்மை குறித்து ஒரு மறுப்பு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுத வருவோர் பலரும் சிந்துவெளியிலிருந்தே தொடங்குகிறார்கள். இதற்கு வழிவகுத்தவர் எட்வின் பாஸ்கோ. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த அவர், ஜான் மார்ஷல் 1931-இல் பதிப்பித்த மொகஞ்சதாரோ தொகுதிகளில் கனிமங்களைப் பற்றி எழுதினார். அங்கே கிடைத்த பொன்னில் வெள்ளி கலந்திருந்தது. ஆகவே அது கோலாரிலிருந்தோ அனந்தப்பூரிலிருந்தோ போயிருக்கலாம் என்பது அவர் கருத்து. அவர் ஊகமாகச் சொன்னதைப் பின்வந்தவர்கள் முடிந்த முடிவாக்கிவிட்டார்கள்.

அந்த ஊகமே வலுவற்றது என்பது என் வாதம். வெள்ளி கலவாத இயற்கைப் பொன் அரிது. வெள்ளி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பொன்னுக்கு ஊர் குறிக்க முடியாது. சிந்து நதியின் மேற்பகுதியில் மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆமூ தாரியா ஆற்றுப் பக்கம் ஷார்ட்டுகாயில் அரப்பா மக்கள் ஒரு குடியிருப்பே வைத்திருந்தார்கள். அந்தப் பகுதி ஆற்று மணலிலும் பொன் உண்டு. வாசலில் கிடைப்பதை விட்டுவிட்டு, தீபகற்பத்தின் தென்பகுதிப் பாறையைக் குடைந்து எடுத்த பொன்னை அவர்கள் நாடினார்கள் என்று சொல்ல, வெள்ளியைக் காட்டிலும் உறுதியான சான்று வேண்டும். பாஸ்கோ அதைத் தரவில்லை.

கோலார் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்றும் அவருக்குத் துணை நிற்கவில்லை. சாம்பியன் ரீஃப் பகுதிப் பழஞ்சுரங்க மரத்துண்டுகளின் கதிரியக்கக் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.பி. முதலாயிரத்தின் நடுப்பகுதியைச் சுட்டுகிறது. ராய்ச்சூர்ப் பக்கத்து ஹட்டி இதைவிடப் பழையது. 1962-இல் தென்னிந்தியப் பொற்சுரங்கங்களின் தொன்மையை ஆராய்ந்த எஃப். ஆர். ஆல்ச்சின், ஹட்டி–மஸ்கி வட்டாரத்துக்கு முதன்மை தந்ததில் நியாயம் இருக்கிறது. மரத்தின் வயது மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும், சுரங்கம் தொடங்கிய காலத்தை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கோலாரின் தொடக்கம் இன்னும் சில நூற்றாண்டுகள் முன்னே போகலாம். ஆனால் சிந்துவெளிக்கும் அந்த மரத்துண்டுகளின் காலத்துக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அதைச் சில நூற்றாண்டுகள் நிரப்பிவிடா.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த ஆவணம் வேறு: வாரனின் குறிப்பு. 1802-இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், பொன் பற்றிய பேச்சைக் கேள்வியுற்று, காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். தங்கவயல் பகுதியின் உரிகம் மக்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அரித்துக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் அவர் கண்டது மண்ணரிப்பு அல்ல; சுரங்கம். வேலை செய்தவர்கள் பறையர்கள். குழிக்குள் ஆண்கள் இடம்விட்டு இடம் நின்று, உடைத்த கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள். மேலே பெண்கள் அதைப் பெரிய பாறையில் வைத்து இடித்துத் தூளாக்குகிறார்கள். தூள் கிணற்றடிக்குப் போய் அலசப்படுகிறது. திப்பு காலத்தில் ஆளனுப்பிப் பார்த்ததாகவும், வரவும் செலவும் ஒன்றாகிப்போனதால் கைவிட்டதாகவும் அதே குறிப்பு சொல்கிறது.

ஆள் நிற்கும் இடம், கல் மாறும் வரிசை, இடிப்பவர் யார், அலசும் நீர் எது என்று எல்லாமே வகுக்கப்பட்ட தொழில் இது. ஒரு தலைமுறையில் கற்றுக்கொண்டது போலத் தெரியவில்லை. இந்த இடத்தில் என் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றை அழுத்தியே சொல்வேன். 1873-இல் மைசூர் அரசிடம் உரிமை கேட்ட மைக்கேல் லாவெலை இங்கே இழுத்துவந்தது வாரனின் குறிப்பு. 1880-இல் வந்த ஜான் டெய்லர் குழுமம் பணம் கரைந்து கைவிடும் நிலையில் இருந்தபோது, அதைச் சேர்ந்த பிளம்மர் பழங்குழிகளுக்குக் கீழே தோண்டித்தான் சாம்பியன் பொன்படிவைத் தொட்டார். பொன் எங்கே இருக்கிறது என்பதை முன்பே கண்டு, குழியால் குறித்து வைத்திருந்தவர்கள் இந்த மண்ணின் தொழிலாளர்கள். ‘கண்டுபிடிப்பு’ என்ற பெருமையில் அவர்களுக்கு முதல் பங்கு உண்டு.

1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, பத்து மைல் இருப்புப்பாதை போட்டார்கள். அது போய் முடிந்த இடமும் மாரிகுப்பம்தான். அந்த வழியில் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்.

வாரன் கண்ட குடும்பங்களின் பிள்ளைகள் கம்பெனிப் பதிவேட்டில் ஏறினார்களா, அல்லது புதிதாக வந்த கூட்டத்தில் கரைந்து போனார்களா என்பதை இப்போதுள்ள சான்றைக் கொண்டு தீர்க்க முடியாது. கி.பி. முதலாயிரத்துச் சுரங்கத்துக்கும் 1802-க்கும் இடையே தொழில் அறுபடாமல் நடந்தது என்றும் நான் கொள்ளவில்லை. பாஸ்கோவின் ஊகத்தைவிட வாரனின் அந்தச் சில வரிகளுக்குத் தங்கவயல் வரலாற்றில் கூடுதல் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.