நிலக்கரிக்கு ஈடாக மனிதர்

நிலக்கரியின் வரலாற்றை நாம் நீராவி இயந்திரத்தோடும் இரயில் வண்டியோடும் சேர்த்தே படித்திருக்கிறோம். அதைத் தோண்டி எடுத்த கைகளைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசியதில்லை. அக்கைகளின் கதையை அறிய விரும்பினால், பெல்ஜியம் நாட்டில் சார்ல்ருவா நகரையொட்டிய மார்சினெல் என்னும் ஊரை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பெல்ஜியத்தில் நிலக்கரி இருந்தது. சுரங்கத்தில் இறங்கப் போதிய ஆட்கள் இல்லை. அந்நாட்டவரே அவ்வேலைக்கு அஞ்சி ஒதுங்கினர். இத்தாலியிலோ ஆட்கள் இருந்தனர். வேலையும் எரிபொருளும் இல்லை. 1946 ஜூன் 23 அன்று இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. இத்தாலி 50,000 தொழிலாளரை அனுப்பும். அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெல்ஜியம் நிலக்கரி வழங்கும். மனிதரைத் தலையெண்ணிக் கொடுத்துக் கரியை எடைபோட்டு வாங்கிய ஒப்பந்தம் அது!

நல்ல ஊதியமும் குடும்பப் படியும் உண்டெனச் சுவரொட்டிகள் ஆசை காட்டின. மிலான் நகரிலிருந்து இரயில்கள் புறப்பட்டன. வந்து இறங்கியோரில் பலருக்குக் கிடைத்த வீடு, போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகைகளே.

1956 ஆகஸ்ட் 8. மார்சினெல் ஊரின் புவா து காசியே சுரங்கத்தில், காலை 8 மணியளவில், 975 மீட்டர் ஆழத்தில், கரி வண்டி ஒன்று கூண்டினுள் சரியாகப் பொருந்தாமல் துருத்தி நின்றது. அந்நிலையிலேயே கூண்டு மேலெழுந்தது. அது மோதியதில் எண்ணெய்க் குழாயும் மின்கம்பிகளும் காற்றுக் குழாயும் அறுந்தன. எண்ணெய் தீப்பற்றியது, நச்சுப்புகை எங்கும் பரவியது. கீழே இருந்த 275 பேரில் 262 பேர் மாண்டனர். அவர்களுள் 136 பேர் இத்தாலியர். 95 பேர் பெல்ஜியர். சுரங்க வாயிலின் கம்பிகளைப் பற்றியபடி பெண்கள் இரண்டு வாரங்கள் காத்திருந்தனர். உயிரோடு எவரும் இல்லை என்ற செய்தியே அவர்களுக்கு இறுதியில் கிடைத்தது.

இத்தாலி ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. பெல்ஜியமோ ஸ்பெயினிலும் கிரீசிலும், பின்னர் மொராக்கோவிலும் துருக்கியிலும் ஆள் தேடிற்று. பாடம் கற்றதா, ஆட்களை மட்டும் மாற்றியதா என்று நாம் கேட்காமலிருக்க முடியவில்லை.

1967இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. 2012இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 8 அன்று அங்கே மணி ஒலிக்கிறது. மாண்டவர் நினைவு கூரப்படுகின்றனர். ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக நின்றவர்கள் அங்கே மீண்டும் மனிதராகின்றனர். நம் வீட்டு விளக்கை ஏற்றும்போது, அதன் பின்னால் இருளில் நிற்கும் முகங்களை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.