மொயென்: 24 ஏக்கர் தீவும் இரண்டு பேரும்

இன்னைக்குப் பேசப்போறது ரொம்பச் சின்ன ஓர் இடத்தைப் பத்தி. மொத்தப் பரப்பு சுமார் 24 ஏக்கர்தான். நம்ம ஊர்ல சில காலேஜ் வளாகங்களே இதைவிடப் பெரிசு. சீஷெல்ஸ் நாட்டின் பெரிய தீவான மாஹேயிலிருந்து நாலரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொயென் தீவு.

படகு கரை வரைக்கும் போகல. முட்டளவு தண்ணியில இறங்கி, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தேன். மேலே ஏறினதும் பாதையை அடைச்சுக்கிட்டு ஒரு ராட்சத ஆமை. நகர்ற மாதிரி தெரியல. பக்கத்துல ஒரு பலகை: ஆமைகளுக்கு மரியாதை கொடுங்க, அநேகமா உங்களைவிட வயசுல மூத்தவை என்ற அர்த்தத்தில். சரின்னு சுத்திக்கிட்டுப் போனேன்.

இந்தத் தீவின் கதையை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கலாம். பிரெண்டன் கிரிம்ஷா என்ற ஆங்கிலேயர். யார்க்ஷயரில் பிறந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் பத்திரிகை ஆசிரியராக வேலை பார்த்தவர். டங்கனிக்கா 1961 டிசம்பரில் விடுதலை அடைந்தது. இனி அந்த நாற்காலிகளில் அந்த நாட்டுக்காரர்கள்தான் உட்காரப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்து என்ன என்ற யோசனையோடு 1962-ல் விடுமுறைக்கு சீஷெல்ஸ் வந்தவரிடம், விடுமுறை முடியப்போகும் நேரத்தில் ஒரு இளைஞன் வந்து, "தீவு ஒண்ணு விலைக்கு வேணுமா?" என்று கேட்டான். 8,000 பவுண்டுக்கு வாங்கினார். பிறகு 1970-களின் தொடக்கத்தில் அங்கேயே குடியேறி, 2012 ஜூலையில் சாகும் வரை இருந்தார். ஊடகங்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிஜ ராபின்சன் குருசோ'.

எனக்கு இந்தப் பெயர்லதான் பிரச்சினை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

மொயெனிலிருந்து பார்த்தாலே தெரியும் பக்கத்துத் தீவு சாந்த் ஆன். 1770-ல் பிரெஞ்சுக்காரர்கள் முதல் குடியேற்றத்தை அமைத்தது அங்கேதான். வந்தவர்கள் மொத்தம் 28 பேர். அதில் 15 பேர் வெள்ளையர். மீதிப் பேரில் ஆப்பிரிக்க அடிமைகளும் 5 இந்தியர்களும் உண்டு. (இன்னைக்கும் விக்டோரியா நகரக் கடைவீதியில பிள்ளை, நாயுடு பெயர்களைப் பார்க்கலாம். அவங்க பெரும்பாலும் பின்னால வந்த வணிகர் வம்சம், அது தனி எபிசோட்.) வந்தவங்க காட்டை வெட்டினாங்க, ஆமைகளைக் கறிக்காகக் கப்பல் கப்பலா ஏத்தினாங்க. நூறு வருஷத்துல இந்தப் பாறைத் தீவுகளில் காட்டு ஆமை இல்லாமலே போச்சு. 1874-ல் டார்வின் உள்ளிட்ட விஞ்ஞானிகள், தூரத்து அல்டாப்ரா தீவில் மிச்சமிருக்கும் ஆமைகளையாவது காப்பாற்றுங்கள் என்று மொரீஷியஸ் கவர்னருக்கு எழுத வேண்டி வந்தது. ஆகவே மொயென் 'மனிதக் காலடி படாத சொர்க்கம்' இல்ல. மனுஷன் பயன்படுத்தி, 1915 வாக்கில் கைவிட்டுப் போன நிலம். கிரிம்ஷா வாங்கியபோது புதர் எவ்வளவு அடர்த்தி என்றால், மரத்திலிருந்து விழுற தேங்காய் தரையைத் தொடாதாம்.

அந்தப் புதரை வெட்டினது யார்? இங்கேதான் இரண்டாவது ஆள் வர்றார். ரெனே லஃபார்ச்சூன், உள்ளூர் மீனவரின் மகன். வேலைக்குச் சேர்ந்தபோது இருபது வயசுகூட ஆகல. 2007-ல் இறக்கும் வரை, கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கிரிம்ஷாவோடு உழைத்தார். இரண்டு பேருமா சேர்ந்து நட்ட மரங்கள் 16,000. அதில் மகாகனியும் உண்டு. 4.8 கிலோமீட்டர் நடைபாதை போட்டாங்க. ஆமைகளைக் கொண்டுவந்து வளர்த்தாங்க, அது நூறைத் தாண்டிப் பெருகிச்சு.

நாற்பது வருஷம் கூட ஒருத்தர் மண்வெட்டி பிடிச்சிருக்கார். அப்புறம் எப்படி அது தனிமை? கிரிம்ஷாவை நான் குறை சொல்லல. 1996-ல் வந்த தன் புத்தகத்திலும், பேட்டிகளிலும் அவர் ரெனேயை மறைக்கல. தலைப்பு வைக்கிறவங்களுக்குத்தான் ஒரே ஒரு வெள்ளைக்காரர் போதுமா இருக்கு. குருசோ கதையில் ஃப்ரைடேக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கு. அதுவும் போக, கிரிம்ஷாவின் அப்பா வயசான காலத்தில் மகனோடு வந்து இருந்து, அங்கேயே இறந்தார். பகல்ல சுற்றுலாப் பயணிகள் வருவாங்க. ராத்திரிதான் அமைதி.

தனிமையைவிட என்னை யோசிக்க வைக்கிறது அவர் தீவை விற்காததுதான். 1971-ல் மாஹேக்கு விமான நிலையம் வந்தது. அதுவரை கப்பலில் மட்டும் வர முடிந்த இடத்தில் நிலத்தின் விலை எங்கேயோ போயிடுச்சு. பக்கத்துத் தீவுகளில் ஹோட்டல்கள் எழும்பின. மொயெனுக்கு 5 கோடி டாலர் வரை விலை பேசினாங்கன்னு சொல்றாங்க. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. ரெனேயும் போன பிறகு, எண்பதைத் தாண்டிய ஒருத்தர் கையில் அந்த நிலம். 2008-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டு அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார். தனியார் தீவு என்ற நிலைமை அதோட முடிஞ்சுது.

மேட்டில் அவர் கல்லறை, பக்கத்தில் அப்பாவுடையது. அங்கேயே பெயர் தெரியாத இரண்டு பழைய கல்லறைகளும் இருக்கு. கடற்கொள்ளையருடையது என்பாங்க. புதையல் இருக்குன்னு நம்பி கிரிம்ஷாவே குழி தோண்டிப் பார்த்திருக்கார், ஒண்ணும் கிடைக்கல. நான் அங்கே நின்னுக்கிட்டிருந்தப்போ படகுக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். இறங்கி வந்தா, அந்த ஆமை இன்னும் பாதையை விட்டு நகரல.