அல்சைமர் நோயும் முதுமை மறதியும்: தொடக்கக் குறிகளைப் பிரித்தறிந்த வரலாறு

அல்சைமர் நோய் என்பது மூளையின் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் நினைவாற்றல், மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவை குறைந்துகொண்டே வரும் நோய். அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு அறிவுத்திறன் இழக்கும் நிலையான டிமென்ஷியாவுக்கு மிகப் பரவலான காரணம் இதுவே. வயதானவர்களுக்கு ஓரளவு மறதி இயல்பு என்பதால், நோயின் தொடக்கக் குறிகளை அதிலிருந்து பிரித்தறிவது நீண்டகாலச் சிக்கலாக இருந்துவருகிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லையை மருத்துவம் முதலில் வயதைக் கொண்டும், பின்னர் மறதியின் தன்மை, அன்றாட வாழ்வில் நேரும் பாதிப்பு, மூளை மாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்டும் வகுத்தது.

வயதே எல்லையாக இருந்த காலம்

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதான அவுகுஸ்டே டேட்டர் சேர்க்கப்பட்டார். கணவர்மீது வீண் சந்தேகம், சமையலில் தடுமாற்றம், தன் பெயரைக்கூட எழுதி முடிக்க இயலாத மறதி ஆகியவை அவரிடம் காணப்பட்டன. 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அலோய்ஸ் அல்சைமர், அதில் கண்ட படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் அதே ஆண்டு டூபிங்கன் நகரக் கூட்டத்தில் விவரித்தார். 1910இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

நடுவயதினருக்கு வரும் அரிய நோயாகவே அது கருதப்பட்டது. முதியவர்களின் மூளையிலும் இத்தகைய படிவுகள் இருப்பதை பிராகில் ஆஸ்கர் பிஷர் 1907இலேயே காட்டியிருந்தார். ஆனாலும் முதியவர்களின் அறிவுத்திறன் இழப்பு மூப்பின் விளைவு என்றோ இரத்தக்குழாய் தடித்ததன் விளைவு என்றோ ஒதுக்கப்பட்டது.

மறதியின் தன்மை

1962இல் மான்ட்ரியல் மருத்துவர் வி. ஏ. கிரால் முதியோர் மறதியை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் நிகழ்ச்சி நினைவிருக்கும். பெயர், தேதி போன்ற விவரங்கள் மட்டும் நழுவும். மற்றொன்றில் அண்மை நிகழ்ச்சியே அடியோடு மறைந்துபோகும். 1968இல் பிரிட்டனின் நியூகாசில் ஆய்வாளர்கள், மூளையில் படிவுகள் மிகுதியாக உள்ள முதியவர்களிடம் அறிவுத்திறன் இழப்பும் மிகுதி எனக் கண்டனர். நடுவயதில் வந்தாலும் முதுமையில் வந்தாலும் நோய் ஒன்றே என்று 1976இல் ராபர்ட் காட்ஸ்மேன் வாதிட்டபின் வயது எல்லை தகர்ந்தது.

கிரால் கண்ட வேறுபாட்டின் உடற்கூற்றுக் காரணம் 1991இல் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் ஆய்வில் தெளிவானது. நரம்பிழைச் சிக்கல்கள் முதலில் தோன்றுவது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில். எனவே நோயில் பதிவே நிகழாததால் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நினைவு திரும்புவதில்லை. இயல்பான மூப்பில் பதிவு இருக்கிறது, மீட்டெடுக்கத்தான் நேரமாகிறது. சிறு குறிப்புக் கொடுத்தால் நினைவு வந்துவிடும்.

அன்றாட வாழ்வு

1975இல் 30 மதிப்பெண் கொண்ட குறு மனநிலைத் தேர்வு வந்தது. 1982இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உருவான அளவுகோல், நோயாளியோடு உடனிருப்பவரையும் விசாரித்தது. ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், அவரது முந்தைய நிலையோடு ஒப்பிடும் முறை இது. 1999இல் ரொனால்டு பீட்டர்சன் குழு, நினைவாற்றல் குறைந்தும் அன்றாட வேலைகள் கெடாத இடைநிலையை வரையறுத்தது.

இன்று எச்சரிக்கைக் குறிகளாகக் கொள்ளப்படுபவை: கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, நாள்தோறும் செய்த சமையலின் படிகளை மறப்பது, வரவு செலவுக் கணக்கில் குழம்புவது, பொருளைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறரைச் சந்தேகிப்பது, விருப்பமான செயல்களிலிருந்து விலகுவது. எப்போதாவது கண்ணாடியைத் தேடுவதும், பெயர் பிறகு நினைவுக்கு வருவதும் மூப்பின் இயல்பு.

சென்னையும் வேலூரும்

எழுத்தறிவைச் சார்ந்த தேர்வுகள் பள்ளி செல்லாதவர்களைத் தவறாக நோயாளிகளாக்கக்கூடும். இதைக் களைய முயன்ற ‘10/66’ பன்னாட்டு ஆய்வுக்குழு சென்னையிலும் வேலூர் கிராமப்புறத்திலும் 65 வயதைக் கடந்தோரை ஆராய்ந்தது. 2008இல் வெளியான முடிவுகளில், அமெரிக்க மனநல வரையறைப்படி கிராமப்புற இந்தியாவில் டிமென்ஷியா 0.3 விழுக்காடு மட்டுமே. குழுவின் சொந்த முறைப்படி 5 விழுக்காட்டுக்கும் மேல். விழிப்புணர்வு குறைந்த இடங்களில் வழக்கமான வரையறை நோயைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். ‘வயசாகிவிட்டது’ என்று வீட்டார் ஏற்றுக்கொள்ளும் இடத்தில், உடனிருப்பவரின் சாட்சியம் மட்டும் போதாது.

மூளை மாற்றங்கள்

அல்சைமர் கண்ட படிவுகளில் உள்ள அமிலாய்டு என்னும் புரதத்தை உயிருள்ள மூளையில் படமெடுக்கும் முறை 2004இல் வெளியிடப்பட்டது. குறிகள் தெரிவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே படிவு தொடங்குவது பின்னர் உறுதியானது. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் மருந்து, நோயின் தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கே உரியது. அது சரிவை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. 2025இல் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் அங்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மறதியே இல்லாத முதியவர்கள் சிலரிடமும் அமிலாய்டு இருப்பதால், பரிசோதனை முடிவை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே குறிகளைக் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் இவை முதலில் ஆராயப்படுகின்றன.