தாதா ஹரீர் வாவ்: ஒரு கிணறு, இரு கல்வெட்டுகள், வழக்கில் மறைந்த ஒரு பெண்

அகமதாபாதின் அசார்வா பகுதி இன்று நெரிசல் மிகுந்த நகர்ப்புறம். அங்குள்ள தாதா ஹரீர் வாவினைத் தேடிச் செல்பவருக்குத் தரைமட்டத்தில் தெரிவது ஒரு சிறு கல்மண்டபம் மட்டுமே. படிகளில் இறங்க இறங்கத்தான் மணற்கல்லில் செதுக்கிய தூண்களும் மாடங்களும், ஐந்து தளங்கள் ஆழத்தில் எண்கோண வடிவக் கிணறும் புலப்படுகின்றன. ஒவ்வொரு தளத்திலும் வெளிச்சம் குறைகிறது; வெப்பம் தணிகிறது; தெருவின் இரைச்சல் மங்குகிறது.

சமஸ்கிருத ‘வாபீ’ குஜராத்தியில் ‘வாவ்’ ஆயிற்று. தமிழில் நீர்நிலையைக் குறிக்கும் ‘வாவி’யும் அச்சொல்லின் உறவே. ஆனால் இக்கிணற்றின் பெயரில் ஆராய வேண்டிய பகுதி ‘வாவ்’ அன்று, ‘தாதா’ என்பதே.

இதனைக் கட்டுவித்தவர் பாயி ஹரீர் என்னும் பெண்மணி. சுல்தான் மஹ்மூத் பேகடாவின் அந்தப்புரத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். கிணற்றிலுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு விக்ரம ஆண்டு 1556, சக ஆண்டு 1421 எனக் காலம் குறிக்கிறது, அதாவது பொ.ஆ. 1499. செலவு 3,29,000 என்றும் அது பதிவு செய்கிறது. பொறுப்பு, பொருள், பெயர் மூன்றும் ஒரு பெண்ணுக்கு உரியவையாகக் கல்லில் நிற்க, மக்கள் வழக்கு அவரைத் ‘தாதா’ ஆக்கியிருக்கிறது. குஜராத்தியில் அச்சொல்லுக்குத் தந்தைவழிப் பாட்டனார் என்பது பொருள்.

சமஸ்கிருதக் கல்வெட்டோடு அரபுக் கல்வெட்டு ஒன்றும் இங்கு உண்டு. இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. சமஸ்கிருதப் பாடம் நீரின் இறைவனாகிய வருணனை வணங்குகிறது. நாற்றிசையிலிருந்தும் தாகத்தோடு வரும் 84 லட்சம் உயிர்வகைகளுக்காக, மனிதர், விலங்கு, பறவை, மரம் என எண்ணி, கிணற்றை அளிக்கிறது. அரபுப் பாடமோ வழிப்போக்கர் தங்குமிடத்தையும் பழத்தோட்டத்தையும் குறித்து, மனிதருக்கும் விலங்குக்குமான நீரைச் சொல்கிறது. இரு மரபுகளும் தத்தம் சொல்வழக்கை விட்டுக்கொடுக்காமலேயே ஒரே அறத்தைப் பேசுகின்றன. இசுலாமிய அரசவையைச் சேர்ந்த ஒருவர் வருணனைப் பெயர் சொல்லி வணங்கும் பாடத்தைத் தம் கொடையில் பொறிக்கச் செய்ததில் முரண் எதையும் அக்காலம் கண்டதாகத் தெரியவில்லை.

எனினும், அன்றாடம் இங்கு நீர் மொண்டவர்களின் பேச்சுமொழி சமஸ்கிருதமும் அன்று, அரபும் அன்று. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். எழுத்து அவர்களுக்காகப் பொறிக்கப்படவில்லை. நீர்தான் அவர்களுக்கு உரியதாயிற்று. கொடையாளியின் பெயர் கல்லில் ஒன்றாகவும் வாயில் வேறாகவும் வழங்குவதற்கு இந்த இடைவெளியே இடம் தந்திருக்க வேண்டும்.

பெண் ஒருவர் படிக்கிணறு எழுப்பியது குஜராத்தில் விதிவிலக்கன்று. பாடணில் உள்ள ராணி கீ வாவ் 11ஆம் நூற்றாண்டில் அரசி உதயமதியின் பெயரால் எழுந்தது. அடாலஜ் வாவ் ரூடாபாயின் பெயரோடு இணைந்தது, பாயி ஹரீரின் காலத்தது. சுமக்கும் உழைப்பும் கட்டுவிக்கும் கொடையும் பெண்களிடம் சந்தித்த இடம் இது. நகரங்களுக்குக் குழாய்நீர் வந்த பின்னர் படிக்கிணறுகள் அன்றாட வாழ்விலிருந்து விலகின. நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பும் இடங்கள் என்ற காரணத்தாலும் பல மூடப்பட்டன. நீரெடுக்க வந்தோர் நின்றபோது, அவ்விடத்தைப் பற்றிய நினைவைக் கைமாற்றித் தந்தோரும் நின்றனர்.

இன்று தாதா ஹரீர் வாவ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். கல் காக்கப்படுகிறது. ஆனால் ஊர்வழக்கின் பெயரை மட்டும் கேட்டுத் திரும்பும் மாணவர் ஒரு பாட்டனாரின் கிணற்றைக் கண்டதாகவே எண்ணுவார். வழக்குப்பெயரை அழிக்க வேண்டியதில்லை, அதுவும் வரலாறே. அதன் அருகில் பாயி ஹரீரின் பெயரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வது, கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தோரின் கடமை.