கணினிப் பெட்டியின் இணைப்புக் கம்பிகள்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டைக் காலத்தை ஆராய்வோர் கல்வெட்டையும் காசையும் உடைந்த மட்பாண்ட ஓட்டையும் சான்றாகக் கொள்வர். நூல்கள் கூறாது விட்டவற்றை இச்சிறு பொருள்கள் கூறுதல் உண்டு. பொறிகளின் வரலாற்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இன்று கொழும்பிலே மாணவனொருவன் உறுப்புகளை வாங்கித் தன் கையாற் கணினியொன்றைப் பொருத்த முற்படுங்கால், அவனுக்குப் பெரிதும் இடர் விளைப்பது பெட்டியின் முகப்பிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பிகளைத் தாய்ப்பலகையின் ஊசிகளிற் செருகும் வேலையேயாகும். மத்திய செயலியும் நினைவகமும் தத்தம் இடத்தில் ஒரே முறையாகவே அமரும். பெரிய மின்வழங்கிச் செருகியும் அவ்வாறே. ஆயின் விரல் நுனியளவான இச்சிறு செருகிகள் மட்டும் இடம் மாறியும் திசை மாறியும் அமரவல்லனவாய் நிற்கின்றன. ஒரே பெட்டியுள் இவ்வேறுபாடு தோன்றியது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண வரலாற்றையே நாடவேண்டும்.

மின்கணினியின் தொடக்க காலத்தில் இணைப்புக் கம்பியே கணிப்பின் உயிர்நாடியாக இருந்தது. 1946ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. அதன் நிறை ஏறக்குறைய 30 தொன். அதற்குப் புதியதொரு கணக்கைக் கொடுப்பதென்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடங்களிற் செருகி, ஆளிகள் பலவற்றைத் திருப்பி வைத்தல் வேண்டும். இப்பணி நாட்கணக்கில் நீளுவதும் உண்டு. அதனை முதன்முதல் மேற்கொண்ட அறுவரும் பெண்டிர். பிற்காலத்தில் ஜீன் பார்ட்டிக், பெற்றி ஹோல்பேட்டன் என அறியப்பட்ட இருவரும் அவருள் அடங்குவர். அவர்களுக்கு வழிகாட்டும் கைந்நூல் இருந்திலது. பொறியின் வரைபடங்களைப் பயின்றே எக்கம்பி எங்குச் செல்லவேண்டும் என்பதை அறிந்துகொண்டனர். குழாய்கள் உமிழ்ந்த வெப்பத்தை அகற்றப் பெரிய ஊதுவிசிறிகளும் அங்கு அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே கம்பியும் விசிறியும் மின்கணினியோடு உடன்பிறந்தன எனலாம். அந்நாளில் இணைப்பு பற்றிய அறிவு முழுவதும் மனிதர் உள்ளத்திலேயே தங்கியிருந்தது. செருகியின் வடிவில் அஃது இடம்பெறவில்லை.

திரான்சிற்றரும், 1958இல் தோன்றிய ஒருங்கிணைந்த சுற்றும், அச்சிடப்பட்ட சுற்றுப்பலகையும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. ஆயிரக்கணக்கான கம்பிகள் பலகைமீது செப்புக் கோடுகளாயின. பின்னர் சிலிக்கன் துண்டினுள்ளே மறைந்தன. எனினும் மனிதன் தொடும் ஆளியும் அவன் காணும் விளக்கும் பெட்டியின் முகப்பிலேயே இருத்தல் வேண்டுமாதலின், முகப்பையும் பலகையையும் பிணைக்கும் கம்பிகள் எஞ்சின. 1975இல் வீட்டிற் பொருத்தத்தக்க தொகுதியாக விற்பனைக்கு வந்த அல்ற்றெயர் 8800 என்னும் சிறுகணினியில், முகப்பின் ஆளிகளையும் விளக்குகளையும் பலகையோடு இணைக்கும் கம்பிகளை வாங்கியவரே ஒவ்வொன்றாகப் பற்றவைத்தல் வேண்டும். கம்பியொன்று இடம் மாறினால் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடாகும்.

1981ஆம் ஆண்டு ஓகத்து 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் சுற்று வரைபடங்களைக் கைந்நூலாகவும் விற்றது. பிற நிறுவனத்தார் அதற்கு ஒப்பான கணினிகளை விரைவில் உருவாக்கியமைக்கு இது பெருந்துணையாயிற்று. ஆனால் அக்கணினி ஓர் ஆபத்தையும் தன் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்சென்றது. மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு வந்த மின்சாரம் இரு செருகிகளாகப் பிரிந்து வந்தது. அவை ஏறத்தாழ ஒரே உருவின. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் செருகுதல் இயலும். அவ்வாறு செருகிவிட்டால் பலகை பாழாகும். ஆகவே, இரு செருகிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து நிற்கவேண்டும் என்னும் விதியைத் தொழிலாளர் வாய்மொழியாகவே வழங்கிவந்தனர். கறுப்போடு கறுப்பு என்னும் அச்சிறு சொற்றொடர் கணக்கற்ற பலகைகளைக் காத்ததென்க.

இனி, இவ்வரலாறு நம் நகருக்கு வந்தவாற்றை நோக்குவோம். கொழும்பு மின்கம்பிக்குப் புதியதன்று. 1858இலேயே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி அமைந்துவிட்டது. கணினியோ 1960களில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் போன்ற பெருநிறுவனங்களின் வாயிலாகவே இந்நாட்டில் அடியெடுத்து வைத்தது. அக்காலத்துப் பெரும் பொறிகளின் உட்புறம் பொதுமக்கள் கண்ணிற் பட்டதில்லை. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1984இல் கணினி, தகவல் தொழினுட்பச் சபை நிறுவப்பட்டது. 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழினுட்ப நிறுவகம் தோன்றியது. கல்விக்கூடங்களில் இவ்வளர்ச்சி நிகழ, கடைத்தெருவில் மற்றொரு வளர்ச்சி நிகழ்ந்தது. பெட்டி, பலகை, செயலி, விசிறி என உறுப்புகளைத் தனித்தனியே வரவழைத்து இங்கேயே பொருத்தி விற்கும் தொழில் பரவிற்று. பம்பலப்பிட்டியின் யூனிற்றி பிளாசா இத்தொழிலுக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. வெள்ளவத்தையாருக்கு அது காலி வீதியில் அண்மையில் உள்ளது. கொட்டாஞ்சேனையாருக்கோ மின்னணுப் பொருள்கள் நிறைந்த புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு அணித்து. முழுமையாய் வந்த வெளிநாட்டுக் கணினியை வாங்க வகையற்ற நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இவ்வாறு பொருத்தப்பட்ட பொறியே முதற் கணினியாயிற்று. அப்பொறியின் உறுதி, கம்பியை இணைத்த இளைஞனின் கைத்திறனையும் நினைவையும் பொறுத்திருந்தது.

அக்காலப் பெட்டிகளில் மற்றோர் இடரும் இருந்தது. முகப்பின் மின்னாளிக்குச் சுவரிலிருந்து வரும் 230 உவோற்று மின்சாரமே தடித்த வடமொன்றின் வழியாகச் சென்றது. அவ்வடத்தின் நான்கு கம்பிகளும் ஆளியில் மாறிச் செருகப்படின் குறுஞ்சுற்று உண்டாகும். காப்புறை நழுவினால் உயிருக்கே தீங்கு நேரும். 1995ஆம் ஆண்டு யூலையில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். என்னும் அமைப்பு இவ்விரு இடர்களையும் ஒருங்கே நீக்கிற்று. இரு மின்செருகிகளுக்குப் பதிலாக ஒரே முறையாக மட்டும் அமரும் 20 முனைச் செருகி வந்தது. பின்னர் அது 24 முனையாக வளர்ந்தது. முகப்பு ஆளிக்கும் சுவர் மின்சாரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. மின்வழங்கி எந்நேரமும் சிறிதளவு 5 உவோற்று மின்சாரத்தைப் பலகைக்கு அளித்துக்கொண்டிருக்கும். ஆளியை அழுத்தினால் ஈரூசிகள் கணநேரம் தொடுக்கப்படும். அக்குறிப்பை உணர்ந்து மின்வழங்கியை எழுப்புவது பலகையின் வேலை. கட்டளையிட்ட ஆளி வேண்டுகோள் விடுக்கும் ஆளியாயிற்று. தொழிலாளி நெஞ்சில் இருந்த விதி இவ்வாறு பொருளின் வடிவிற் புகுந்துகொண்டது.

எனினும் முகப்புச் சிறுகம்பிகள் அத்தகைய பேற்றைப் பெறவில்லை. பெட்டியைச் செய்பவர் ஒருவர், பலகையைச் செய்பவர் வேறொருவர். ஊசிகளை எவ்வரிசையில் வைப்பது என்பதில் நெடுங்காலம் உடன்பாடின்றி அவரவர் தத்தம் வழியே சென்றனர். ஒன்பது ஊசிகளை ஈரிரண்டாக வகுத்து இன்ரெல் வகுத்த வரிசையை இன்று பலர் பின்பற்றினும், எல்லோரும் பின்பற்றவில்லை. எப்பலகைக்கும் பொருந்தவேண்டும் என்னும் எண்ணத்தாலேயே பெட்டி செய்வோரிற் பலர் கம்பிகளைத் தனித்தனிச் செருகிகளாக விட்டுவைத்தனர். அண்மைக்காலப் பெட்டிகள் சிலவற்றில் மட்டும் இவை ஒன்றாய்க் கட்டப்பட்டு வருகின்றன.

இச்செருகிகளை உற்று நோக்குவார்க்கு அவை சிறு கல்வெட்டுகளாகவே தோன்றும். ஒலிபெருக்கிச் செருகி நான்கு முனை அகலம் கொண்டது. ஆயின் கம்பி செல்வது இரு கோடிகளுக்கு மட்டுமே. நடுவிடங்கள் வெறுமை. 1981ஆம் ஆண்டுக் கணினியின் ஒலிபெருக்கி ஊசிகள் அவ்வாறு அமைந்தமையே காரணம். மின்விளக்குச் செருகி சில பெட்டிகளில் மூன்று முனை அகலமாய், நடுவில் வெறுமையுடன் வருவதைக் காணலாம். 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.ரி. கணினியிற் பூட்டும் விளக்கும் சேர்ந்து ஐந்து ஊசிகளில் அமைந்திருந்தன. பூட்டு மறைந்துபோயிற்று, விளக்கின் மூன்று முனை வடிவம் மட்டும் எஞ்சியது. இரண்டு ஊசிகள் ஒட்டி நிற்கும் இக்காலப் பலகையில் அச்செருகி அமராது போவதைக் கண்டு பொருளிற் குறையென்று எண்ணுவோர் உளர். அது குறையன்று, மறைந்த பொறியொன்றின் எச்சம்.

விசிறியின் வரலாறு வெப்பத்தின் வரலாறாகும். 1981ஆம் ஆண்டுக் கணினியில் மின்வழங்கியினுள் இருந்த ஒரு விசிறியே போதியதாயிருந்தது. 1993இல் வந்த பென்ரியம் போன்ற செயலிகள் தமக்கெனத் தனி விசிறியை வேண்டின. முதலில் அவ்விசிறிகள் மின்வழங்கியின் வடத்திலிருந்தே மின்சாரம் பெற்றமையின், அவை நின்றுவிட்டாலும் பலகை அறியாது. பின்னர் மூன்று கம்பி விசிறி தாய்ப்பலகையில் இடம்பெற்றது: ஒன்று புவித்தொடுப்பு, ஒன்று 12 உவோற்று, மூன்றாவது சுழற்சியை அறிவிப்பது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் என அது அறிவிக்கும். நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுழலும் விசிறியிலிருந்து வினாடிக்கு 40 துடிப்புகள் பலகையை அடையும். நான்காவது கம்பி பின்னர் வந்தது. அதன் வழியே பலகை வினாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை மின்குறிப்பை ஏற்றியிறக்கி வேகத்தை ஆளுகின்றது. மனிதச் செவி 20,000க்கு மேற்பட்ட அதிர்வை உணராதாதலின் அவ்வொலி நம்மைத் தாக்குவதில்லை. மூன்று துளைச் செருகி நான்கூசி இடத்திலும் சரியாக அமரும்வண்ணம் ஒரு சிறு விளிம்பு வைக்கப்பட்டது. பழையதைப் புறந்தள்ளாது புதியதைச் சேர்த்த நல்லமைப்பு இதுவெனலாம்.

வடிவத்தை மட்டும் நம்புதலும் தகாது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். யு.எஸ்.பி. இணைப்புக்கும், பழைய பலகைகள் சிலவற்றிலிருந்த ஐ.இ.இ.இ. 1394 இணைப்புக்கும் ஊசியமைப்பு ஒன்றே. பத்திடங்களில் ஒன்று வெறுமை. ஆயின் முன்னது 5 உவோற்றுக்குரியது. பின்னதில் 12 உவோற்று வரும். செருகி செவ்வனே அமர்ந்ததென்று மகிழ்ந்தோர் தம் கருவிகளை இழந்தனர்.

ஆகவே இப்பணியில் ஈடுபடும் மாணவர் சில நியாயங்களை அறிந்திருத்தல் நன்று. ஆளிக்கு நேர், மறை என்னும் வேறுபாடு இல்லை. எப்பக்கம் செருகினும் தொழிற்படும். விளக்கோ ஒளிகாலும் இருவாயி. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். மாறிச் செருகினால் எரியாது, திருப்பிச் செருகினால் எரியும். செயலி விசிறியை அதற்கென ஒதுக்கப்பட்ட ஊசிகளிலேயே இணைத்தல் வேண்டும். அங்குச் சுழற்சிக் குறிப்பு வராவிடின் பலகைகள் பல தொடக்கத்திலேயே எச்சரிக்கை விடுத்து நின்றுவிடும். கொழும்பிற் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை அண்டி நிற்பது. அறைக்காற்றினும் குளிர்ந்த காற்றை விசிறி உண்டாக்காது. ஆதலால் முன்புறத்தாற் காற்றை உள்ளிழுத்துப் பின்புறத்தால் வெளியேற்றும் ஒழுங்கு இங்கு இன்றியமையாதது. கம்பிகளைக் கட்டி ஒதுக்குவதும் அவ்வழி அடைபடாமைக்கேயாகும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தை போன்ற இடங்களில் உலோக முனைகள் துருவேறுதலும் உண்டு.

க.பொ.த. சாதாரண தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் இன்று ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. உறுப்புகளின் பெயரை மனனஞ் செய்து புள்ளி பெறுதல் எளிது. பலகைமீது பொறிக்கப்பட்ட ஆங்கில எழுத்துச் சுருக்கங்களைக் கண்டு தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர் தயங்குவதும் இயல்பே. ஆயின் அச்சுருக்கங்கள் ஆங்கிலம் வல்லாருக்கும் தாமே பொருள் விளக்குவன அல்ல. கம்பி ஏன் வந்தது, எதனைச் சுமக்கின்றது என்பதை அறிந்தவனுக்கே அவை பேசும். அவ்வறிவைத் தமிழிலே தெளிவுறக் கற்பித்தல் ஆசிரியராயினார் கடன்.

மனிதர் நினைவிலிருந்த அறிவு சிறிது சிறிதாகப் பொருளின் வடிவத்துக்குப் பெயர்ந்தமையே இவ்வரலாற்றின் சாரம். பெயர்ந்த இடங்களில் கை பிழைப்பது அரிது. பெயராத இடங்கள் சில இன்னும் உள; அவ்விடங்களிற் பொருத்துபவனின் அறிவே காவல். உலகின் பல திசைகளிற் செய்யப்பட்ட உறுப்புகள் கொழும்பின் ஒரு மேசைமீது கூடி ஒரு பொறியாக உயிர்பெறுவது, அவற்றைச் செய்தோர் ஒருவரோடொருவர் உடன்படாது விட்ட அச்சிறு இடைவெளியை நம் மாணவன் தன் விளக்கத்தால் நிரப்பும்போதேயாம்.