பூட்டில் நின்ற சாவி: ரிபோநியூக்ளியேஸ் நொதியின் படிக அமைப்பும் கோபிநாத் கர்த்தாவும்

இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்த மாணவருக்குப் படிகம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு கட்டம் கட்டமாகப் படியும். உள்ளே அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கியிருப்பதே அந்த வடிவத்துக்குக் காரணம். எக்ஸ் கதிரைச் செலுத்தி அந்த அடுக்கை அறியலாம் என்று 1913-இல் பிராக் தந்தையும் மகனும் காட்டினர். அவர்கள் முதலில் ஆராய்ந்த படிகங்களுள் சாதாரண உப்பும் ஒன்று.

உப்பில் இருப்பவை இரண்டே வகை அணுக்கள். நம் உணவைச் செரிக்கவைக்கும் ஒரு நொதியின் மூலக்கூறிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் உண்டு. அத்தகைய ஒரு நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவான கோபிநாத் கர்த்தா.

நொதியின் வேலை

ரிபோநியூக்ளியேஸ் மாட்டின் கணையத்தில் சுரக்கும் ஒரு செரிமான நொதி. ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட சங்கிலியை அது துண்டு துண்டாக வெட்டும். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் ஏராளமான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை குடலுக்கு வந்ததும் அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ.வைச் செரிக்க இந்த நொதி உதவுகிறது. 1940-இல் குனிட்ஸ் இதைப் படிகமாக்கினார். பின்னர் ஆர்மர் என்ற அமெரிக்க இறைச்சி நிறுவனம் ஒரு கிலோ அளவுக்கு இதைத் தூய்மைப்படுத்தி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. அதனால் பல ஆய்வுக்கூடங்கள் இந்த ஒரே நொதியில் உழைத்தன. இதில் 124 அமினோ அமிலங்கள் உள்ளன என்பதும் அவற்றின் வரிசையும் 1960-களின் தொடக்கத்தில் தெளிவாயின. ஆனால் அந்தச் சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது என்பது தெரியவில்லை.

சென்னையில் பெற்ற பயிற்சி

கர்த்தா 1927-இல் கேரளத்தின் சேர்த்தலையில் பிறந்தவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். இராமச்சந்திரனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற கருத்தை இருவரும் 1954, 1955 ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிபவை புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளியின் செறிவை அளந்துவிடலாம். அந்த அலையின் கட்டம் மட்டும் பதிவாகாது. கட்டம் தெரியாமல் அணுக்களின் இடத்தைக் கணக்கிட முடியாது. படிகத்துக்குள் பாதரசம் போன்ற கன அணுக்களைப் புகுத்தி, படத்தில் உண்டாகும் மாற்றத்தைக் கொண்டு கட்டத்தைக் கணிப்பது ஒரு வழி. சில அணுக்கள் கதிரை முறைமாறிச் சிதறடிக்கும் இயல்பையும் இதற்குப் பயன்படுத்தலாம். இந்த இரண்டாம் வழியில் இராமச்சந்திரனும் எஸ். இராமனும் 1956-இல் சென்னையிலிருந்து முன்னோடியான ஆய்வை வெளியிட்டனர். கர்த்தா அமெரிக்கா சென்றபின், ஆர். பார்த்தசாரதியுடன் சேர்ந்து இவ்விரு வழிகளையும் இணைக்கும் முறையை 1965-இல் எழுதினார்.

பஃபலோவில் கிடைத்த விடை

டேவிட் ஹார்க்கர் என்ற படிகவியலாளர் 1950-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ரிபோநியூக்ளியேஸ் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அந்தக் குழு பஃபலோ நகரிலுள்ள ரோஸ்வெல் பார்க் நினைவு நிறுவனத்துக்கு மாறியது. கர்த்தா சேர்ந்தது இந்தக் குழுவில்தான். கர்த்தா, பெல்லோ, ஹார்க்கர் மூவரும் 1967-இல் நேச்சர் இதழில் அமைப்பை வெளியிட்டனர். முதற்பெயர் கர்த்தாவுடையது. தொடங்கியதிலிருந்து பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

நொதியின் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. அதில் ஒரு பாஸ்பேட் அயனி அமர்ந்திருந்தது. ஆர்.என்.ஏ. சங்கிலியின் முதுகெலும்பிலும் பாஸ்பேட்டே இருக்கிறது. நொதி வெட்டுவதும் அந்த இடத்தில்தான். உண்மையான ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால் நொதி அதை வெட்டி வெளியே விட்டுவிடும், படம் எடுக்க அவகாசம் இராது. தனிப் பாஸ்பேட்டை மேலும் வெட்ட இயலாது. அது வெட்டுமிடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இப்படி இடத்தை அடைத்து வேலையைத் தடுக்கும் பொருளையே தடுப்பான் என்கிறோம். பாஸ்பேட் வலுக்குறைந்த தடுப்பான்தான். ஆனாலும் வெட்டுமிடம் எது என்று காட்ட அது போதுமானதாக இருந்தது.

வரிசையில் 12-ஆவதாகவும் 119-ஆவதாகவும் வரும் இரண்டு ஹிஸ்டிடின்கள் நொதியின் வேலைக்கு இன்றியமையாதவை என்று வேதியியலாளர்கள் முன்பே சோதனையால் அறிந்திருந்தனர். சங்கிலியில் இவ்வளவு விலகி நிற்பவை எப்படிச் சேர்ந்து செயல்படும்? மடிப்பினால் இரண்டும் அந்தப் பள்ளத்தில் பாஸ்பேட்டின் அருகருகே வந்துவிட்டதைப் படிகம் காட்டியது.

நொதியைப் பூட்டுக்கும் அது வினைபுரியும் பொருளைச் சாவிக்கும் ஒப்பிட்டு 1894-இல் எமில் ஃபிஷர் சொன்ன உவமையை இன்றும் பாடநூலில் படிக்கிறோம். எழுபது ஆண்டுகள் அது ஊகமாகவே இருந்தது. 1965-இல் லண்டனில் லைசோசைம், 1967-இல் கேம்பிரிட்ஜில் கைமோடிரிப்சின் என்று தடுப்பானோடு பிடிபட்ட நொதிகள் அதைக் கண்ணால் காணும் உண்மையாக்கின. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது ரிபோநியூக்ளியேஸ்.

பின்விளைவு

வெட்டுமிடம் தெரிந்தால் அதை அடைக்கும் பொருளைத் திட்டமிட்டுச் செய்யலாம். கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற மற்றொரு கணைய நொதியையும் அதன் தடுப்பானையும் பற்றிய அறிவைக் கொண்டு, 1970-களில் கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்தை உருவாக்கினர். மாட்டுக் கணையத்தில் தொடங்கிய கேள்வி மருந்துக்கடை மாத்திரை வரை வந்தது.

கர்த்தா 1984-இல் காலமானார். இராமச்சந்திரன் பெயரை நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். கர்த்தாவை அறிந்தவர் குறைவு. நொதியின் படத்தைப் பாடநூலில் காணும்போது, அதைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் கணக்குப் பழகியவர் என்பதையும் நினைவில் கொள்வது நன்று.