ஒரே கதவு, பல அகலம்

ஆட்டோகேடில் 'பிளாக்' என்கிறோமே, அதன் பூர்வீகத்தைத் தேடினால் 1963-க்குப் போகணும். எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஆய்வேட்டுக்காக எழுதிய ஸ்கெட்ச்பேடில் மூலப்படம் ஒன்று. நகல்கள் எத்தனை வேண்டுமானாலும். திரை நிறைய அறுகோணங்கள் இருக்கும். மூலத்தை மட்டும் அரைவட்டமா மாத்தினால் மொத்தமும் மீன் செதில் மாதிரி ஆயிடும்.

ஆனா நகலுக்குச் சுதந்திரம் கம்மி. இடம், அளவு, கோணம், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆட்டோகேட் பிளாக்கிலும் பெரிய மாற்றமில்லை: இரண்டரை அடிக் கதவை ஸ்கேல் செய்து 3 அடி ஆக்கினால், நிலையின் கனமும் கூடவே பெருக்கும். அதனால் ஒவ்வொரு அகலத்துக்கும் தனித்தனி பிளாக். நிலையில் ஒரு கோடு மாறினால் அத்தனையையும் திறந்து திருத்தணும். சதர்லேண்ட் கொடுத்த வசதியே அங்க காலி!

ஆட்டோகேட் 2006-ல்தான் டைனமிக் பிளாக் வந்தது. அகலத்துக்கு ஒரு பாராமீட்டர், எந்தக் கோடுகள் நகரணும்னு சொல்ல ஒரு ஸ்ட்ரெட்ச் ஆக்‌ஷன். கிரிப்பைப் பிடிச்சு இழுத்தா கதவு நீளும், நிலை கனம் அப்படியே இருக்கும். திருத்தம் என்றால் மூலத்தில் ஒரே தடவை.

உள்ளே நடக்கிறதுதான் எனக்கு சுவாரசியம். அகலம் மாறியதும் மென்பொருள் ஓசையில்லாமல் இன்னொரு பிளாக்கை உண்டாக்கி, நட்சத்திரக் குறி, யு, ஓர் எண் என்று பெயர் வைத்துக்கொள்கிறது. டிராஃப்ட்ஸ்மேன் கையால் சேர்த்த அதே தனித்தனி பிளாக்குகள்தான்! 2006-க்கு முந்தைய வெர்ஷனுக்காகச் சேமித்துத் திறந்து பாருங்க, இந்தப் பெயரில்லாதவைதான் வரிசையாக நிற்கும்.